ஒரு நிரல்மொழி ஒரு துறைக்குள் எப்படிக் குடியேறுகிறது?

1996-ல் விண்மீன் படங்களைக் கணினியில் அலசும் ஓர் ஆய்வாளர், காசு கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டுவிட்டு இலவச நிரல்மொழி ஒன்றுக்கு மாற நினைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பெர்ல். கார்ல் கிளேஸ்புரூக் என்ற வானியலாளர் அந்த ஆண்டில்தான் பெர்லில் எண் கணக்குகள் போடுவதற்காக பிடிஎல் என்ற லைப்ரரியை, அதாவது மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்பை, எழுதத் தொடங்கியிருந்தார். இன்னொன்று பைத்தான். ஜிம் ஹுகுனின் என்ற மாணவர் 1995-ல் அதே வேலைக்காக 'நியூமெரிக்' என்ற லைப்ரரியை எழுதியிருந்தார்.

அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் பெர்ல் பக்கம்தான் கை காட்டியிருப்பார்கள். ஆட்கள் அங்கேதான் அதிகம். இணையதளங்களின் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது பெர்ல்தான். உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் நிரல்களைக் கொண்டுவந்து சேர்க்கும் சிபான் என்ற களஞ்சியமும் 1995-லேயே அதற்கு வந்துவிட்டது. பைத்தான் அப்போது சின்னப் பிள்ளை.

இன்று நிலைமை என்ன? 2019-ல் வெளியான கருந்துளையின் முதல் படத்தை உருவாக்கிய கணக்குகளில் பைத்தான் லைப்ரரிகள் இருந்தன. செயற்கை நுண்ணறிவு படிக்க வரும் மாணவர் முதலில் தொடுவது பைத்தான். பிடிஎல் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைப் பராமரிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் புதிதாக ஒருவர் அதைத் தேடிப் போவது அரிது.

'பைத்தான் எளிமையானது, அதனால் ஜெயித்தது' என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எளிமை மட்டும் போதுமென்றால் ரூபியும் இந்தத் துறையில் நின்றிருக்க வேண்டும். அதுவும் படிக்க இனிமையான மொழி, அதிலும் எண் கணக்குக்கு என்-அர்ரே என்ற லைப்ரரி இருந்தது. அது ஏன் நிற்கவில்லை என்று புரிய, மொழியின் இலக்கணத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த மனிதர்களைப் பார்க்க வேண்டும்.

நிரல்மொழிச் சமூகம் என்று சொல்லும்போது பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். புதியவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள், லைப்ரரி எழுதிப் பொதுவில் வைப்பவர்கள், மொழிக்குள் எதைச் சேர்க்கலாம் எதைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்பவர்கள். அவ்வளவுதான். இந்த மூன்று வகை மனிதர்களும் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் அந்த வேலைக்களத்தில் மொழியின் தலையெழுத்து பெரும்பாலும் இருக்கிறது.

முதலில் அந்த ஆய்வாளருக்கு என்ன தேவைப்பட்டது என்று பார்ப்போம்.

தொலைநோக்கியிலிருந்து வரும் படம் ஒன்று 2048 கிடைவரிசை, 2048 நெடுவரிசை கொண்ட கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 41,94,304 எண்கள். பள்ளிக் கணக்கில் 'அணி' என்று படித்தோமே, அதேதான். ஒவ்வோர் எண்ணுக்கும் 8 பைட் என்றால் மொத்தம் சுமார் 33.5 மெகாபைட். இதையே பைத்தானின் சாதாரணப் பட்டியலில் போட்டால் என்ன ஆகும்? பைத்தான் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, இன்றைய கணினிகளில் பொட்டலம் ஒன்றுக்கு 24 பைட் எடுத்துக்கொள்ளும். அந்தப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று காட்ட இன்னொரு 8 பைட். ஆக 134 மெகாபைட். நினைவகம் தங்க விலையில் இருந்த 1996-ல் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதோடு, ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பிரித்துக் கூட்டினால் வேகமும் போய்விடும்.

நியூமெரிக் செய்தது இதுதான்: எண்களை எல்லாம் நினைவகத்தில் ஒரே நீளமான கோடாக, ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கியது. கோடு எங்கே தொடங்குகிறது, அடுத்த வரிசைக்குப் போக எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்ற சின்னக் குறிப்பை மட்டும் தனியாக வைத்துக்கொண்டது. கட்டத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டுமா? எண்களை நகலெடுக்க வேண்டியதில்லை, குறிப்பை மாற்றினால் போதும். கிடைவரிசையையும் நெடுவரிசையையும் இடம் மாற்ற வேண்டுமா? அதற்கும் குறிப்புதான். இந்த அடுக்குமுறையில் இன்னொரு பெரிய லாபமும் இருந்தது. ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் தேய்த்துத் தேய்த்துச் செம்மையாக்கப்பட்ட கணித நிரல்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்கும் எண்கள் இப்படி வரிசையாகத்தான் வேண்டும். கோட்டின் தொடக்க முகவரியைக் கொடுத்தால் போதும், ஃபோர்ட்ரான் கணக்கை முடித்துவிடும். பைத்தான் வெறும் மேஸ்திரி, சுவரை எழுப்பியது ஃபோர்ட்ரானும் சி மொழியும்.

சரி, இதைப் பிடிஎல்லும் செய்தது. நன்றாகவே செய்தது. பிறகு எங்கே பிரிந்தார்கள்?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம், எண் கணக்கு ஆட்கள் 1995-ல் தொடங்கிய சிறு குழுவில் தானும் போய் உட்கார்ந்தார். அவருக்கு அது தொழில் அல்ல. அந்தக் குழு அன்று பைத்தான் உலகத்தில் ஓர் ஓரம்தான். இருந்தும் அவர்கள் கேட்டதைக் கேட்டுக்கொண்டார். கட்டத்தின் முதல் 100 கிடைவரிசைகளில் 200 முதல் 300 வரையிலான நெடுவரிசைகளை மட்டும் எடுக்க வேண்டும் என்றால், சதுர அடைப்புக்குள் நடுவே ஒரு காற்புள்ளி போட்டு இரண்டு எல்லைகளையும் எழுதிவிடலாம். ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்க வேண்டும் என்றால் மூன்றாவதாக ஓர் எண்ணைச் சேர்க்கலாம். 1996-ல் வந்த பைத்தான் 1.4-லேயே இந்த மூன்றாவது எண்ணுக்கு இலக்கணத்தில் இடம் கிடைத்துவிட்டது.

அந்த மூன்றாவது எண்ணைப் பைத்தானின் சொந்தப் பட்டியல்களில் அப்போது பயன்படுத்தவே முடியாது! அவற்றுக்கு அந்த வசதி 2003-ல், பைத்தான் 2.3-ல்தான் வந்தது. ஏழு ஆண்டுகள், வெளியிலிருந்து வந்த ஒரு சின்னக் கூட்டத்துக்காக மட்டுமே ஒரு மொழி தன் இலக்கணத்தில் ஓர் அறையைத் திறந்து வைத்திருந்தது. 2015-ல் இதே கதை மறுபடியும் நடந்தது. அணிப் பெருக்கலை எழுத நீளமான அழைப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக வேண்டியிருக்கிறது, தனியாக ஒரு குறி வேண்டும் என்று கேட்டார்கள். மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்த @ குறியைக் கொடுத்தார்கள். பைத்தானோடு வரும் எந்த உள்ளமைந்த வகைக்கும் அந்தக் குறியால் இன்றுவரை ஒரு வேலையும் இல்லை. முழுக்க முழுக்க விருந்தாளிகளுக்காக வைத்தது.

பிடிஎல் பக்கம் அதே மூலையை வெட்ட, எல்லைகளை மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்துச் சரமாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அழகாக எழுத ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆனால் அது நிரலை ஓட்டுவதற்கு முன் அதன் எழுத்தையே மாற்றிவிடும் வடிகட்டி ஒன்றின் மூலம் வந்தது. மொழிக்குள் இடம் கிடைக்கவில்லை, வாசலில் பந்தல் போட்டுக்கொண்டார்கள். பெர்ல் சமூகம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. உதவி கேட்டு வந்தவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிய நல்ல மனிதர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். அவர்களுடைய கவனம் வேறு இடத்தில் இருந்தது. உரையை அலசுவது, சர்வர்களைப் பராமரிப்பது, இணையப் பக்கங்கள். அப்புறம் 2000-ல் பெர்ல் 6 என்ற பெரிய மறுவடிவமைப்பை அறிவித்தார்கள். அதன் முதல் நிலையான வெளியீடு வர 2015 ஆனது. 2019-ல் அதற்கு ராக்கு என்று தனிப் பெயரே வைக்க வேண்டியதாயிற்று. மூத்தவர்கள் பலரின் உழைப்பு அந்தப் பக்கம் போன ஆண்டுகளில்தான் பைத்தானில் அறிவியல் கூட்டம் வேர்விட்டது.

ரூபிக்கு நடந்தது இன்னும் நேரடியானது. 2004-ல் இணையதளம் கட்டுவதற்கான ரெயில்ஸ் என்ற ரூபி கருவித்தொகுப்பு வந்தது. இணையதளம் கட்ட வந்தவர்கள் குவிந்தார்கள், அவர்கள் இணையதளத்துக்கான லைப்ரரிகளை எழுதினார்கள், அதைப் பார்த்து இன்னும் இணையதள ஆட்கள் வந்தார்கள். ஓர் இயற்பியல் மாணவர் எட்டிப் பார்த்தால் பேசிக்கொள்ளத் தன் ஆள் ஒருவரும் இல்லை. ஒரு களத்தில் கிடைத்த வெற்றியே மற்ற களங்களின் வாசலை அடைத்துவிட்டது.

பைத்தான் தானாக, சறுக்காமல் ஜெயித்துவிட்டது என்றும் நினைத்துவிடக் கூடாது. நடுவில் ஒரு கண்டம் இருந்தது. ஹபிள் தொலைநோக்கியின் தரவுகளைக் கையாளும் பால்டிமோர் நிறுவனத்தில், பெரிய படங்களுக்கு நியூமெரிக் போதவில்லை என்று 'நம்-அர்ரே' என்ற புதிய லைப்ரரியை எழுதினார்கள். பெரிய அணிகளுக்கு அது நன்றாக இருந்தது, சின்ன அணிகளுக்குப் பழையதே வேகம். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் லைப்ரரிக்குள், 'உங்களிடம் இருப்பது இதுவா அதுவா' என்று பார்த்து நடுவில் நின்று சமாளிப்பதற்கென்றே ஒரு பகுதியை வைக்க வேண்டியிருந்தது. லைப்ரரி எழுதும் ஒவ்வொருவரும் இந்தத் தரகு வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் எத்தனை நாள் தாங்கும்?

2005-ல் டிராவிஸ் ஆலிஃபன்ட் என்ற பல்கலைக்கழக ஆசிரியர் உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்கினார். அதுதான் நம்பை. அதன் 1.0 பதிப்பு 2006-ல் வந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே இருந்த இரண்டையும் இணைத்து, இரண்டு பக்கத்து ஆட்களையும் சமாதானப்படுத்தினார். பேர் வாங்கித் தராத வேலை. ஆனால் இன்று பைத்தானில் தரவு சம்பந்தப்பட்ட அத்தனையும் நிற்பது அந்த இணைப்பின் மேல்தான். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றில் மிக முக்கியமான ஒரே நிகழ்வு அதுதான்.

இணைக்க ஆள் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு டி மொழி இருக்கிறது. சி++ என்ற மொழி செய்யும் வேலையைச் செம்மையாகச் செய்ய 2001-ல் வால்டர் பிரைட் வெளியிட்ட நல்ல மொழி. அதன் முதல் பதிப்பின் காலத்தில் ஃபோபோஸ், டேங்கோ என்று இரண்டு அடிப்படை லைப்ரரிகள் இருந்தன. ஒரே நிரலில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது பெரும்பாடு. புதிதாக வருபவர் முதல் நாளே கட்சி சேர வேண்டும். அடுத்த பதிப்பில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஆர்வத்தோடு வந்து திரும்பிப் போனவர்கள் எல்லோரும் மறுபடி வந்துவிடுவதில்லை.

பொது அடுக்கு ஒன்று உறுதியாவதற்கு முன்னும் பின்னும், அதைச் சுற்றிக் கட்டியவர்கள் யார் என்று கவனியுங்கள். மேட்பிளாட்லிப் எழுதிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையிலிருந்து வரும் மின் அலைகளைப் பார்க்க அவருக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. பாண்டாஸ் எழுதிய வெஸ் மெக்கின்னி 2008-ல் ஒரு நிதி நிறுவனத்தில் இருந்தார். சந்தைத் தரவுகளை அட்டவணையாக வைத்துப் புரட்ட வேண்டியிருந்தது. பைத்தானோடு வரிக்கு வரி பேசிப் பார்க்க உதவும் ஐபைத்தானைத் தொடங்கிய ஃபெர்னாண்டோ பெரெஸ் இயற்பியல் மாணவர். தங்கள் துறையில் கை வலித்த இடத்துக்குத் தாங்களே மருந்து செய்துகொண்டவர்கள். நரம்பியல் ஆளின் படம் நிதி ஆளுக்கு உதவியது, ஏனென்றால் இருவரும் கையில் வைத்திருந்தது ஒரே நம்பை அணி. மூன்றாவது ஒருவர் எழுதிய நிரலில் என் தரவைப் போட்டால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியே நாட்களைத் தொலைத்தவர்களுக்குத் தெரியும்.

மொழியின் குணமே சில நேரம் ஒரு களத்தில் வரமாகவும் இன்னொன்றில் தடையாகவும் இருக்கும். லுவா இதற்கு அருமையான உதாரணம். 1993-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் உருவாக்கியது. முழு மொழியும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்னொரு பெரிய மென்பொருளின் மடியில் உட்கார்வதற்கென்றே செய்தது. கணினி விளையாட்டு எழுதுபவர்களுக்கு அதுதான் வேண்டும். விளையாட்டின் எஞ்சின் சி++-ல் இருக்கும், பாத்திரங்கள் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பது லுவாவில் இருக்கும். 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில், விளையாடுபவர்கள் தங்கள் திரையைத் தாங்களே மாற்றி அமைத்துக்கொள்ள லுவாவைத்தான் கொடுத்தார்கள். நிரல் என்றால் என்னவென்றே தெரியாமல் விளையாட வந்த பிள்ளைகள் லுவா எழுதினார்கள்.

அதே லுவாவில், செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க் ஆய்வுக்காக டார்ச் என்ற லைப்ரரி இருந்தது. நல்ல வேகம், தெளிவான அமைப்பு, பெரிய ஆய்வகங்களே பயன்படுத்தின. ஆனால் ஆய்வாளரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். படங்களைக் கோப்பிலிருந்து படிக்க வேண்டும், அட்டவணையைத் துப்புரவு செய்ய வேண்டும், முடிவுகளை வரைபடமாகப் போட வேண்டும். நியூரல் நெட்வொர்க் அந்த நாளில் ஒரு பகுதிதான். மற்ற எல்லாவற்றுக்கும் பைத்தானில் ஆள் இருந்தது, லுவாவில் இல்லை. சின்னதாக இருப்பதுதான் லுவாவின் பெருமை, அந்தப் பெருமையே இங்கே குறையாகிவிட்டது. 2017-ல் பைடார்ச் வெளிவந்தது. அடியில் கணக்குப் போட்ட சி நிரலில் பெரும்பகுதி பழைய டார்ச்சுடையதுதான், மேலே பேசும் மொழி மட்டும் பைத்தான் ஆனது. ஆய்வாளர்கள் வேகமாக மாறிக்கொண்டார்கள்.

களமே நகர்ந்துவிடுவதும் உண்டு. 1990-களில் மனித மரபணுத் திட்டத்தில் பெர்லுக்குப் பெரிய பங்கு இருந்தது. டிஎன்ஏ என்பது கணினிக்கு ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளாலான நீண்ட எழுத்துச் சரம். எழுத்துச் சரத்தில் தேடுவது, வெட்டுவது, ஒரு ஆய்வகத்தின் கோப்பை இன்னொரு ஆய்வகத்தின் வடிவத்துக்கு மாற்றுவது எல்லாம் பெர்லுக்குக் கை வந்த கலை. பிறகு உயிரியலின் கேள்வி மாறியது. ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எது எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கத் தொடங்கினார்கள். எழுத்தாக இருந்தது எண்ணாக மாறியது. எண் என்றதும் புள்ளியியல் வந்தது, புள்ளியியலோடு ஆர் மொழி வந்தது. உயிரியல் தரவுகளை அலசும் ஆர் லைப்ரரிகளைச் சேர்த்து வைக்க 2001-ல் தொடங்கிய பயோகண்டக்டர் திட்டம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெர்ல் எந்தத் தவறும் செய்யவில்லை. அது நின்ற இடத்திலேயே நின்றது, பேருந்து நிறுத்தம்தான் மாறிப்போனது.

சிறிய களம் என்றால் சிறிய வெற்றி என்று அர்த்தமும் இல்லை. தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்சன் நிறுவனத்துக்குள் பிறந்த எர்லாங்கைப் புதிய வேலைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1998-ல் அந்த நிறுவனத்தின் ரேடியோ பிரிவே தடை போட்டது. அதே ஆண்டில் மொழி பொதுவுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான பேரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு அழைப்பு அறுந்தால் மற்றவை பாதிக்கக் கூடாது என்ற தேவை உள்ளவர்கள் அதைத் தேடிப் பிடித்தார்கள். வாட்ஸ்அப் 2012-ல் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியது எர்லாங்கை வைத்துத்தான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், என் அக்கா மகள் தாவர உயிரியல் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது, "மாமா, பைத்தான் கத்துக்கட்டுமா, ஆர் கத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் பைத்தான் ஆள். பைத்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "உன் லேப்ல சீனியர்ஸ் எதுல எழுதுறாங்க?" என்று கேட்டேன். ஆர் என்றாள். அவர்கள் படிக்கும் ஆய்வுக் கட்டுரைகளோடு வரும் நிரல்களும் பெரும்பாலும் ஆர்தான் என்றாள்.

ஆர் எப்படி அங்கே இருக்கிறது? ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு புள்ளியியல் ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது அது. விளைச்சல் என்பது நீரையும் உரத்தையும் பொறுத்தது என்று ஒரு புள்ளியியலாளர் தாளில் எப்படி எழுதுவாரோ, ஏறக்குறைய அப்படியே நடுவில் ஓர் அலைக்கோடு போட்டு நிரலில் எழுதிவிடலாம். புதிய புள்ளியியல் முறை ஒன்றைக் கண்டுபிடிப்பவர் கட்டுரையோடு ஒரு ஆர் பேக்கேஜையும் (ஆரில் லைப்ரரிக்கு அதுதான் பெயர்) சேர்த்து வெளியிடுவது அங்கே வழக்கம். 1997-ல் தொடங்கிய கிரான் களஞ்சியத்தில் அப்படிச் சேர்ந்தவை இன்று 20,000-ஐத் தாண்டிவிட்டன. அங்கே ஒரு பேக்கேஜ் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் உடைந்தால் எழுதியவருக்குத் தகவல் போகும், சரிசெய்யாவிட்டால் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். கறாரான வீடுதான். ஆனால் உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று வேலை செய்யும் என்ற நம்பிக்கை அதனால்தான் வருகிறது.

அவளை ஆர் பக்கமே அனுப்பினேன். முதல் வாரம் தரவைப் படிக்கவே திணறினாள். நான் உதவப் பார்த்தேன், எனக்கே சரியாக வரவில்லை. பக்கத்து மேசை அக்காதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோப்பில் இலை நீளம் இருந்த நெடுவரிசையில் யாரோ 'செ.மீ.' என்று எழுத்திலும் போட்டு வைத்திருந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தாளாம். அந்த வார இறுதியில் மூன்று வகை நெற்பயிர்களின் இலை நீளத்தை ஒப்பிடும் வரைபடம் ஒன்று என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "மாமா, அந்த அக்கா தன்னோட பழைய ஆர் புரோகிராம் எல்லாத்தையும் எனக்கு அனுப்பிட்டாங்க."